பிளாட்பாரத்தை எடுத்துவிட்டால் தெரு அகலமாகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர், குடும்பத்தோடு சென்னை ஜார்ஜ் டவுனில் இருக்கிற சௌகார்பேட்டைக்குத் துணி எடுக்கப் போய் நொந்துபோய்த் திரும்பி வந்த கதையை எழுதியிருந்தார். மீன்பாடி என்கிற மூன்று சக்கரச் சரக்கு வண்டி முட்டியதில் மனைவிக்கு முழங்காலில் அடி, பெண் குழந்தை பத்து நிமிடம் கண்ணில் படவில்லை, நடக்க இடமில்லை என்றெல்லாம் சொல்லிவிட்டு, பிளாட்பாரக் கடைகளை ஒட்டுமொத்தமாக அப்புறப்படுத்தினால் ஒழிய ஜார்ஜ் டவுனுக்கு விமோசனம் கிடையாது என்று முடித்திருந்தார். குழந்தையைக் காணாமல் பத்து நிமிடம் நின்றவர் கோபப்படத்தான் செய்வார், அதில் தப்பே இல்லை. ஆனால் அவர் சொன்ன வைத்தியம் தப்பு. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகிவிட்டது, வெட்டுவதானால் பார்த்து வெட்டுங்கள்.

நான் அரக்கோணத்தில் சின்னதாக ஒரு ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறேன். வளையல், ஹேர்பேண்ட், பொட்டு, கவரிங், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ரிப்பன், இப்படி. இருபத்து மூன்று வருஷமாக மாதம் இரண்டு தடவை சரக்கு எடுக்க ஜார்ஜ் டவுனுக்கு வருகிறேன். விடியற்காலை லோக்கல் ரயிலில் ஏறினால் எழுபது கிலோமீட்டர் போல வந்து, மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்று பெயர் போட்டிருக்கும் ஸ்டேஷனில் இறங்குவேன். அந்தப் பெயரில் ஒரு மார்க்கெட் இருந்ததும், அது 1985-இல் தீப்பிடித்து எரிந்துபோனதும் இன்றைக்கு அங்கே இறங்குகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. அங்கே இருந்த பழைய புத்தகக் கடைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளத்தில் ஒரு கட்டடத்தில் இடம் கொடுத்தார்கள். நடந்து போனால் சில நிமிடம்தான், இருந்தும் பழைய கூட்டம் அங்கே போகவில்லை. கூட்டம் கட்டடத்தைத் தேடிப் போகாது, அது நடக்கிற வழியில் நீங்கள் இருந்தால்தான் வியாபாரம். இது கடை வைத்திருக்கிற யாருக்கும் தெரியும்.

ஈவ்னிங் பஜார் பக்கமாக நடந்து உள்ளே நுழைந்தால் தெருவுக்கு ஒரு தொழில். துணி மொத்தமாக வேண்டுமென்றால் கோடவுன் தெரு. கல்யாணப் பத்திரிகைக்கும் காகிதத்துக்கும் ஆண்டர்சன் தெரு, பூவுக்கு பத்ரியன் தெரு, கண்ணாடி, வளையல், ஃபேன்சி சாமான் என்றால் தேவராஜ முதலி தெரு. நைனியப்ப நாயக்கன் தெருவில் காலை வைத்தாலே கெமிக்கல் வாசனை மூக்கில் ஏறும். கண்ணைக் கட்டி விட்டாலும் எந்தத் தெரு என்று மூக்கை வைத்துச் சொல்லிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார், கொஞ்சம் மிகைதான், ஆனால் கொஞ்சம்தான்.

இதில் பிளாட்பாரம் எங்கே வருகிறது? விஷயமே இங்கேதான் இருக்கிறது.

உள்ளே இருக்கிற மொத்தக் கடைக்காரர் குரோஸ் கணக்கில்தான் கொடுப்பார். ஒரு குரோஸ் என்றால் பன்னிரண்டு டஜன், 144 உருப்படி. மனசு வைத்தால் அரை குரோஸ். என்னை மாதிரி சின்னக் கடைக்காரிக்குப் புதிதாக வந்த ஒரு மாடலை 144 எடுப்பது என்பது பெரிய சூதாட்டம். ஓடவில்லை என்றால் முதல் முடங்கிப்போகும். அதே மாடலை வாசலில் தார்ப்பாயில் பரப்பி வைத்திருக்கிற அம்மாவிடம் நான் ஒரு டஜன் எடுக்கலாம், ஆறு கூட எடுக்கலாம். அதைவிட முக்கியம், ஒன்றுமே வாங்காமல் சும்மா அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பார்க்கலாம். காலேஜ் பெண்கள் எதைக் கையில் எடுக்கிறார்கள், எதை எடுத்துவிட்டுத் திருப்பி வைக்கிறார்கள், எதை இரண்டு கலரில் வாங்குகிறார்கள் என்று பார்த்தால் போதும், அடுத்த மூன்று மாதம் அரக்கோணத்தில் எது ஓடும் என்று தெரிந்துவிடும்.

ஒரு தீபாவளிக்கு முத்து பதித்த பெரிய கிளிப் ஒன்றை அப்படித்தான் கண்டுபிடித்தேன். இரண்டு பெண்கள் வந்தார்கள், ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள், நாலடி போய்விட்டுத் திரும்பி வந்து தங்கைக்கு என்று இன்னொன்று எடுத்தார்கள். நான் நேராக உள்ளே போய் இரண்டு குரோஸ் கட்டச் சொன்னேன். பண்டிகைக்கு நாலு நாள் முன்பே தீர்ந்துவிட்டது. இன்னொரு வருஷம் உடம்பு சரியில்லாமல் அவசரமாக வந்து, பிளாட்பாரம் பார்க்காமல், "மேடம், இதுதான் இப்ப ஃபாஸ்ட் மூவிங்" என்று கடைப் பையன் சொன்னதை நம்பி ஒரு குரோஸ் வெல்வெட் ஹேர்பேண்ட் எடுத்துப் போனேன். அது இன்னும் என் கடையில் மேல் தட்டில் தூசி படிந்து உட்கார்ந்திருக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள், அசலுக்கே தருகிறேன்.

நான் வழக்கமாகப் பார்க்கிற அந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். என் பெயர் அவருக்குத் தெரியாது, என்னைப் பார்த்ததும் "வா அரக்கோணம்" என்பார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். காலையில் எதிரே இருக்கிற மொத்தக் கடையிலிருந்தே சரக்கைக் கடனாக எடுத்துக்கொள்வார், ராத்திரி கடை சாத்துவதற்குள் விற்றதற்குப் பணம், மீந்ததற்குச் சரக்கு என்று கணக்கு முடித்துவிடுவார். சீட்டு இல்லை, கையெழுத்து இல்லை. அந்தக் கடைக்காரர் மார்வாடி, அந்த அம்மாவுக்குத் தமிழைத் தவிர வேறு தெரியாது, ஆனால் கணக்கில் மட்டும் இருவருக்கும் ஒருநாளும் தகராறு வந்து நான் பார்த்ததில்லை. பிளாட்பாரக்காரர்கள் வரி கட்டுகிற கடைக்காரரின் வாசலை மறைத்து வயிற்றில் அடிக்கிறார்கள் என்று அந்த வாசகர் எழுதியிருந்தார். சில தெருக்களில் அந்தப் புகார் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நான் புழங்குகிற தெருவில் வாசலில் உட்கார்ந்திருக்கிறவர் பெரும்பாலும் அந்தக் கடையின் சரக்கைத்தான் விற்றுக்கொண்டிருக்கிறார்.

அந்தச் சரக்கை வைத்து அந்த அம்மா கோட்டை கட்டிவிடவில்லை. முன்பெல்லாம் தண்டலுக்கு வாங்குவார். சென்னையில் தண்டல் என்றால் எல்லோருக்கும் தெரியும், பத்தாயிரம் என்று சொல்லிக் கையில் எட்டாயிரத்து ஐந்நூறு கொடுப்பார்கள், தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்டவேண்டும். மழை பெய்தாலும் நூறு, பந்த் என்றாலும் நூறு. கொரோனா வந்த 2020-இல் மத்திய அரசு சாலையோர வியாபாரிகளுக்கு என்று ஒரு கடன் திட்டம் கொண்டுவந்ததே, தொடக்கத்தில் 10,000 ரூபாய், அது அவருக்குக் கிடைத்தது. அடையாள அட்டை இருந்ததால் கிடைத்தது. அந்த அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கல்லாப்பெட்டி மாதிரி வைத்திருக்கிற பழைய பிஸ்கட் டின்னுக்குள் வைத்திருக்கிறார். இப்போது சொல்லுங்கள், ஒரு கையால் அட்டையும் கடனும் கொடுத்துவிட்டு இன்னொரு கையால் எழுந்து போ என்றால் அவர் அந்தக் கடனை எங்கே உட்கார்ந்து அடைப்பார்?

சரி, சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அந்தக் கடிதத்தில் 'சட்டவிரோதம்' என்ற வார்த்தை மூன்று தடவை வந்திருந்தது. என் மகன் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான், இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014-இல் வந்தது. முதலில் கணக்கெடுக்க வேண்டும், கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் எழுப்பக் கூடாது. ஊருக்கு ஒரு விற்பனைக் குழு, அதில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கவேண்டும், தேர்தல் வைத்து வரவேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் காலங்காலமாகத் தாமாகவே கூடுகிற இடத்துக்கு 'இயல்பான சந்தை' என்று பெயர். ஐம்பது வருஷத்துக்கு மேல் அப்படி வியாபாரம் நடந்திருந்தால் அதைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்க வேண்டும், அங்கே இருக்கிறவர்களை வேறு இடத்துக்கு மாற்றக் கூடாது என்று அதன் அட்டவணையிலேயே இருக்கிறது. அதற்கும் முன்னால் 1989-இலேயே டெல்லி வழக்கு ஒன்றில், நடைபாதையில் வியாபாரம் செய்வதும் தொழில் செய்யும் அடிப்படை உரிமையில் அடங்கும், கட்டுப்பாடு விதிக்கலாம், அடியோடு மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கட்டுப்பாடு விதிக்கலாம் என்பதையும் சேர்த்தேதான் சொல்கிறேன். எங்கே உட்காரலாம், எத்தனை அடி, எத்தனை மணி வரை என்று கோடு போட்டுக் கொடுக்கட்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஐம்பது வருஷம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக ஒரு பழைய கல்தூண் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள், முக்கால்வாசிப் பேர் பார்க்காமலே தாண்டிப் போவார்கள். 1773-இல் வெள்ளைக்காரன் நட்ட எல்லைத் தூண் அது, ஆறு நட்டதில் மிச்சம் இருப்பது அந்த ஒன்றுதான். இன்றைக்கு ஹைகோர்ட் இருக்கிற இடத்தில்தான் அந்தக் காலத்துக் கறுப்பர் பட்டணம் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1746-இல் கோட்டையைப் பிடித்து, பிறகு திரும்பக் கொடுத்து, 1758-59-இல் மறுபடி வந்து முற்றுகை போட்டுப் போனார்கள். இந்தச் சண்டைகளின் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள், கோட்டையிலிருந்து பீரங்கி சுட மறைப்பு இருக்கக் கூடாது என்று வீடு வாசலையெல்லாம் தரைமட்டமாக்கினார்கள். இந்தத் தூணுக்குத் தெற்கே யாரும் கட்டக் கூடாது என்றார்கள். பட்டணம் கோயில் என்கிற சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அதில் போய், இப்போது பூக்கடைப் பக்கம் இருக்கிற இடத்தில் திரும்பக் கட்டப்பட்டதுதான். அங்கிருந்து கிளப்பி விடப்பட்ட ஜனங்கள் வடக்கே வந்து உட்கார்ந்த இடம்தான் இந்த ஜார்ஜ் டவுன். பெருமாளையே எழுப்பி அனுப்பிய ஊரில் 'ஆக்கிரமிப்பு' என்ற வார்த்தையை எல்லோரும் கொஞ்சம் பார்த்துத்தான் பேசவேண்டும். ராஜாஜி சாலைப் பக்கம் இருக்கிற பர்மா பஜாரும் அப்படித்தான், 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு நடைபாதைதான் பிழைப்புக் கொடுத்தது. அவர்கள் கொண்டுவந்த அத்தோ என்கிற நூடுல்ஸை இன்றைக்கு நாம் வரிசையில் நின்று சாப்பிடுகிறோம்.

கோயம்பேட்டைக் காட்டிக் கேட்பீர்கள். கொத்தவால் சாவடியிலிருந்து காய்கறி மார்க்கெட்டை 1996-இல் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள், அது சரியான முடிவு, நானே சொல்வேன். அந்தச் சந்துக்குள் லாரி லாரியாக வெங்காயமும் உருளைக்கிழங்கும் வந்து இறங்கினால் எந்தத் தெரு தாங்கும்? ஆனால் லாரியில் வருகிற சரக்கும் நடந்து வருகிற ஆளும் ஒன்றில்லை. மாற்ற வேண்டியது எதை, விட வேண்டியது எதை என்று அன்றைக்கு யாரோ யோசித்திருக்கிறார்கள். இன்றைக்கும் அந்த யோசனைதான் வேண்டும்.

ஏனென்றால் தெருவை அடைப்பது பிளாட்பாரக் கடை இல்லை. நான் அளந்து பார்த்துவிட்டேன், நிஜமாகவே இன்ச் டேப் வைத்து. எங்கள் கடையில் ரிப்பன் அளக்கிற டேப் கைப்பையில்தான் இருக்கும். அந்த அம்மாவின் தார்ப்பாய் தெருப் பக்கம் வருவது இரண்டே முக்கால் அடி. அதற்கு நாலு கடை தள்ளி வரிசையாக நிற்கிற பைக்குகள் பின் சக்கரம் தெருவுக்குள் ஆறடி வருகிறது, அது இரண்டு பக்கமும். யாருடைய பைக்? கூட்டத்தில் வருகிறவர்களுடையது இல்லை, கடைக்காரர்களும் கடைப் பையன்களும் காலையில் கொண்டுவந்து நிறுத்தி ராத்திரி எடுக்கிறவை. நாள் முழுக்க அசையாது. சில வருஷத்துக்கு முன் நான் போகிற ஒரு தெருவில் பிளாட்பாரத்தைச் சுத்தமாக எடுத்தார்கள். அடுத்த தடவை போகும்போது அந்த இடம் பூராவும் பைக். மீதி இடத்தில் கடைக்காரரே ஸ்டாண்டை இழுத்து நாலடி வெளியே வைத்திருந்தார். தார்ப்பாய் போட்டிருந்தவராவது ஒரு சத்தம் கொடுத்தால் சுருட்டிக்கொண்டு வழி விடுவார். பைக் சுருளுமா?

அப்புறம் சரக்கு ஏற்றி இறக்குவது. அந்த வாசகரின் மனைவி முழங்காலில் பட்டது மீன்பாடி வண்டி. பகல் பதினொரு மணிக்கு, ஜனம் நெரிகிற நேரத்தில், எதிரும் புதிருமாக இரண்டு குட்டியானை நுழைந்து, நடுவில் ஒரு மீன்பாடி சிக்கி, அதன் பின்னால் தட்டுவண்டி, எல்லோரும் ஹாரன் அடிக்க, போன மாதம் நான் இருபது நிமிடம் அசையாமல் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு லோடுமேன். தலையில் சும்மாடு, அதன் மேல் சாக்குத் துணியில் தைத்த பேல், ஆளைவிட அகலம். கீழே வைக்க இடமில்லை, வைத்தால் திரும்பத் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டும். கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்து நிற்க, அந்த மனிதர் அந்த இருபது நிமிடமும் அதைச் சுமந்துகொண்டே நின்றார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். யாரையும் திட்டவில்லை. பக்கத்துப் பிளாட்பாரத்தில் பெல்ட் விற்கிற பையன்தான் எழுந்துவந்து தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து வாயில் ஊற்றினான்.

காலை ஒன்பதரை மணிக்கு முன்பும் ராத்திரி ஒன்பது மணிக்குப் பின்பும் மட்டும்தான் சரக்கு வண்டி உள்ளே வரலாம் என்று ஒரு பலகை வைத்து, அதை நிஜமாகவே நடத்தினால் பாதிப் பிரச்சினை முடிந்தது. கடைப் பைக்குகளுக்குச் சற்றுத் தள்ளி ஒரு இடம் பார்த்துக் கொடுக்கட்டும், அவர்கள் நடந்து வரட்டும், நாங்கள் எழுபது கிலோமீட்டர் வரவில்லையா? 2019-இலிருந்து மெட்ரோ ரயில் ஹைகோர்ட்டுக்கும் மண்ணடிக்கும் வருகிறது. வாங்க வருகிற ஜனம் வண்டி இல்லாமல் வர வழி கிடைத்துவிட்டது, நடக்கத்தான் விடமாட்டேன் என்கிறார்கள்.

பிளாட்பாரக்காரர்கள் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. கூட்டத்துக்கு நடுவே கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியை வைத்து பஜ்ஜி போடுவதை எனக்குப் பார்க்கவே பயமாக இருக்கும், ஒரு குழந்தை கை பட்டால் என்னாவது? அடுப்பு உள்ள கடைகளைத் தெரு முனைக்கு மாற்றலாம். முறுக்கு சாண்ட்விச் விற்கிறவரை மட்டும் எங்கேயும் மாற்றிவிடாதீர்கள், அவருக்கு அடுப்பே கிடையாது, முறுக்கும் வெங்காயமும் தக்காளியும் சட்னியும்தான்.

கடைசியாக ஒன்று, இதை ஆண் வாசகர்கள் யாரும் எழுதமாட்டார்கள் என்பதால் நான் எழுதுகிறேன். காலை ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிற நான் மதியம் மூன்று மணி வரை தண்ணீர் குடிப்பதில்லை. ரயில் நிலையத்தை விட்டு வந்துவிட்டால், நான் நடக்கிற வழியில் போக இடமில்லை. கல்யாணத்துக்குச் சாமான் வாங்க வருகிற பெண்கள் எத்தனை ஆயிரம் பேர், அவர்களுக்கும் இதே கதி. நானாவது மூன்று மணிக்குத் திரும்பிவிடுவேன், அந்த அம்மா காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது வரை அங்கேதான். கேட்டதற்கு, "அதெல்லாம் பழகிடுச்சு அரக்கோணம்" என்றார். அவர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை போய் வந்தது இந்தப் பழக்கத்தால்தான். நான் போகிற வழியில் ஒரு தெருவின் முனையில் பெண்கள் படம் போட்ட கழிப்பறை ஒன்று கட்டி முடித்து, பெயின்ட் அடித்து, பூட்டிக் கிடக்கிறது. போன தீபாவளிக்கும் பூட்டு, இந்தப் பொங்கலுக்கும் பூட்டு. சாவி யாரிடம் இருக்கிறது என்று மூன்று பேரிடம் கேட்டேன். பக்கத்துக் கடைக்காரர் அடுத்த தெருவைக் கைகாட்டினார், அடுத்த தெருவில் ஆபீஸில் கேளுங்கள் என்றார்கள், ஆபீஸில் கான்ட்ராக்டர் வரவேண்டும் என்றார்கள்.

அந்த வாசகரின் குழந்தை கிடைத்த இடம் ஒரு பிளாட்பாரக் கடை என்று அவரே எழுதியிருந்தார், பொம்மை விற்கிறவர் உட்கார வைத்து ஒரு பலூன் கொடுத்து வைத்திருந்தாராம். அந்த வரியை அவர் இன்னொரு தடவை படித்துப் பார்க்கட்டும். அதற்குள் அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று உங்கள் நிருபர் யாராவது போய்க் கேட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும், பத்திரிகைக்காரர் என்றால் நாலாவது ஆளையாவது காட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஃபேன்சி ஸ்டோர்க்காரி,
அரக்கோணம்